வெள்ளைக்காரி வேஷம்

எங்கள் வீட்டில் இரண்டு நிறம் இருந்தது. அம்மாவும் தம்பியும் ஒரு நிறம், அப்பாவும் நானும் ஒரு நிறம். பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து பெரியம்மா மலைக்கு வரும்போதெல்லாம் என்னையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஆண்டவரு மாத்திக் குடுத்துட்டாரு" என்பாள். ஆண்பிள்ளைக்கு எதற்கு அந்த நிறம், பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த நிறம் என்று அர்த்தம். "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். காந்தலை யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில்லை. சோறெல்லாம் தீர்ந்த பிறகு அடியைச் சுரண்டும்போதுதான் அதன் ருசி எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

அப்பாவுக்குக் கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைத் தொழில். சுற்றிப்பார்க்க வருகிறவர்களை மட்டக்குதிரையில் ஏற்றி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏரியோரமாக நடத்திக் கூட்டிவருவது. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். எனக்கு அப்போது பதினெட்டு, தம்பிக்குப் பதினைந்து. அம்மா மிஷன் பள்ளி விடுதியில் துணி துவைக்கும் வேலையில் இருந்தாள். குதிரைகளை விற்றுவிடுங்கள் என்று பங்குச் சாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர்வரை எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை. தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்று நானே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். முதல் ஒரு மாதம் மற்றக் குதிரைக்காரர்கள் என்னைப் பார்த்து விசிலடித்தார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது.

ஆண்கள் என் குதிரையில் ஏற மாட்டார்கள். பெண் பிடிக்கிற குதிரையில் உட்கார்ந்தால் அவர்கள் கௌரவம் என்னாவது? பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. சேலை கட்டியவர் குதிரைமேல் உட்கார்ந்தால் ஏரிக்காற்றில் சேலையின் கீழோரம் படபடவென்று அடிக்கும். கண்ணோரத்தில் ஏதோ பறக்கிறதென்று குதிரை மிரளும். அதனால் துணியைச் சுருட்டி, ஒரு துண்டுக் கயிற்றால் குதிரையின் வயிற்றுப் பட்டையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். குதிரையும் மிரளாது, மானமும் பறக்காது. ஆண்கள் இதைச் செய்ய முடியாது, தொட்டால் பஞ்சாயத்து. ஆகவே மற்றவர்களும் தங்கள் குதிரையில் பெண்கள் ஏறினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "ஏத்தா, இந்தம்மாவுக்கும் ஒரு கட்டுப் போட்டுட்டுப் போ." ஒரு சீசனுக்கு எத்தனை சேலை கட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகச் செய்யும்.

மாலையில் எனக்கு இன்னொரு சோலி இருந்தது. மிஷன் பங்களா ஒன்றில் வயதான வெள்ளைக்காரம்மா ஒருவர் தனியாக இருந்தார். அவரிடம் ஒரு கிழட்டுப் பெண் குதிரையும் ஒரே ஒரு சேணமும் இருந்தன. அவரால் ஏற முடியாத வயது. குதிரைக்குக் கால் மரத்துப்போகாமல் தினமும் ஓட்டிவருவதற்கு என்னை வைத்திருந்தார். அந்தச் சேணம் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண்கள் உட்கார்வது. இரண்டு காலும் இடது பக்கம்தான் தொங்கும். மேலே இரண்டு கொம்புகள் இருக்கும். வலது தொடையை ஒன்றில் மாட்டிக்கொண்டு, இடது தொடையை இன்னொன்றின் அடியில் அழுத்திக்கொள்ள வேண்டும். குதிரையின் வலது பக்கம் நமக்குக் காலே கிடையாது, ஒரு பிரம்பால் தொட்டுத்தான் பேச வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த அம்மா வராந்தாவில் பைபிள் வாசித்துக்கொண்டிருப்பார், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நான் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அந்தச் சேணத்தில் நான்கு கால் பாய்ச்சலில் போக எனக்கு வந்துவிட்டது. தம்பியைத் தவிர ஊரில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா காதுக்குப் போய், குதிரையோடு சேர்த்து என்னையும் கட்டிப்போட்டிருப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சரித்திரப் படம் எடுக்க மதராசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக்காரன் மலையேறி வந்த காலத்துக் கதை. ஒரு பாளையக்காரர், ஒரு கலெக்டர், கலெக்டரின் மனைவியான வெள்ளைக்காரி. இந்த மூன்று பேரையும் சுற்றித்தான் படம். மீதி எங்கள் ஊர்.

ஊரிலிருந்து ஆள் பொறுக்கிய விதத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு, வட்டக்கானலில் குடிசை வாடகைக்கு எடுத்துக் கஞ்சா குடித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பிடித்துவந்தார்கள். முடி வெட்டி, சிவப்புக் கோட்டு மாட்டி, நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். நடக்கத் தெரியாது, துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. நிறம் இருந்தது, அது போதும். கலெக்டர் மனைவியாக நடித்தது பம்பாய் நடிகை. அவரும் நம் நாட்டு ஆள்தான், ஆனாலும் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வெள்ளையடித்துக்கொள்வார். பாளையக்காரர் அந்தப்புரத்துக்கு, மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவர்களில் நிறமானவர்கள் நாலு பேர். கல் சுமக்கிற கூலிகளுக்கு மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நிறமும் போதவில்லையாம். முகத்தில் கரியைக் குழைத்துப் பூசினார்கள்.

அதில் ஒரு அம்மாள் பூசுகிறவனிடம் சொன்னது காதிலேயே நிற்கிறது. "நாங்க அங்க தொரைமார் காலத்துல இருந்து கொழுந்து எடுத்த ஆக்கள் தானே தம்பி. அந்தத் தொரைக்கே நாங்க கருப்பாத்தான் தெரிஞ்சோம். ஒங்களுக்கு இன்னும் பத்தலையா?" பூசுகிறவன் சிரித்தான். கையை நிறுத்தவில்லை.

எங்கள் குதிரைகளையும் வாடகைக்குப் பேசினார்கள். குதிரையோடு நானும் தம்பியும் போனோம். படத்தில் ஒரு காட்சி: பாளையக்காரரின் ஆட்கள் துரத்த, வெள்ளைக்காரி தனியாகக் குதிரையில் மலை விளிம்புப் புல்வெளியில் பாய்ந்து தப்பிப்பாள். நடிகை குதிரைப் பக்கமே வர மாட்டார். அவர் முகத்தை மட்டும் மரக்குதிரையில் உட்காரவைத்து எடுத்துவிடலாம், ஓட்டத்துக்கு வேறு ஆள் வேண்டும். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆபத்தான காட்சியென்றால் கதாநாயகிக்குப் பதிலாக ஆண்தான் போவான். மீசையை மழித்து, சவுரி வைத்து, சேலையோ கவுனோ மாட்டிவிடுவார்கள். சண்டைப் பயிற்சியாளர் தன்னோடு இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார். நல்ல குதிரையோட்டிகள். ஆனால் மிஷன் பங்களாவிலிருந்து வாடகைக்கு வாங்கிவந்த அந்தச் சேணத்தைப் பார்த்ததும் இருவரும் தலையைச் சொறிந்தார்கள். அதுபோக இரண்டு பேருக்கும் பீப்பாய் உடம்பு.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அந்தச் சேணத்தில் எனக்குப் பழக்கம் உண்டு, நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. பணத்துக்காக இல்லை. ஏழெட்டு வருஷம் அந்த ஏரியைச் சுற்றி நடந்தே காலம் போக்கியிருந்தேன், அடுத்தவர்கள் ஏறி உட்கார, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பயிற்சியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா நீ, பொம்பளையக் குதிரைல ஏத்தி எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் இன்னும் மரியாதையாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. கலர் மேட்ச் ஆகாது. கழுத்து, கையெல்லாம் ஸ்கிரீன்ல காட்டிக் குடுத்துடும்."

அப்புறம் அவர் கண் என் தம்பிமேல் போய் நின்றது. ஒல்லி. சிவப்பு. குதிரை தெரிந்தவன். எல்லாமே சரியாக இருந்தது.

தம்பி கூச்சப்பட்டான். "எங்கக்கா நல்லா ஓட்டும் சார், எனக்கு அந்தச் சேணமே பழக்கமில்ல" என்று அவனும் சொல்லிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள் மகன் சினிமாவில் வெள்ளைக்காரியாக வரப்போகிறான். மீசையை எடுக்க வேண்டுமே என்று அவன் முனகியபோது, "மசுருதானலே, மறுபடி மொளைக்கும். அந்த நெறம் எல்லாத்துக்குமா கெடைக்கும்?" என்றாள். நான் அங்கேதான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன்.

பழகுவதற்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். நான்தான் பழக்கினேன், ஆனால் மனசு வைத்துப் பழக்கினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தொடையை எப்படி மாட்டுவது, பிரம்பை எங்கே தொடுவது எல்லாம் சொன்னேன். அவன் வலது தோளை முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தான். அது தப்பு, எடை ஒரு பக்கம் சாயும். ஒரு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை செய்தபோது பேசாமல் இருந்துவிட்டேன். விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்ளட்டும், அப்போதாவது என்னிடம் வருவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. முழங்காலுக்கு மேல் என் கற்பனை போகவில்லை. அந்த இரண்டு நாளில் அவன் விழவும் இல்லை.

படம் எடுத்த அன்று வெள்ளனே போய்விட்டோம். வட்டக்கானலுக்கு மேலே ஒரு புல்வெளி. அங்கேயிருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரியும், மேகம் இல்லாவிட்டால். தம்பியை ஒரு கூடாரத்துக்குள் கூட்டிப்போய், ஒரு மணி நேரம் கழித்து வெளியே விட்டபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் சவுரி, வெள்ளைக் கழுத்து, தரையில் புரளும் நீலக் கவுன். ஊர்ப்பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து எங்கள் செவலைக் குதிரை பக்கத்தில் நின்றான்.

"அக்கா, அசிங்கமா இருக்கா?" என்றான் மெதுவாக.

"ஒண்ணும் இல்ல. வெரசா முடிச்சிட்டு வா, போயி மூஞ்சியக் கழுவு" என்றேன்.

ஏறி உட்கார்ந்ததும் காற்று வந்தது. அந்தக் கவுனில் எவ்வளவு துணி என்கிறீர்கள், ஒரு கூடாரத்தையே தைக்கலாம். அது உப்பி எழும்பி வலது பக்கம் குதிரையின் விலாவில் சடசடவென்று அடித்தது. செவலை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பயிற்சியாளர் ஜீப்பிலிருந்து கத்தினார், மேகம் வருகிறது, வெளிச்சம் போய்விடும், குதிரையை அடக்கு என்று. தம்பி குனிந்து என்னைப் பார்த்தான். "அக்கா, ஒரு கட்டுப் போட்டு விடேன்."

போட்டேன். இடுப்பில் எப்போதும் துண்டுக் கயிறு இருக்கும். வலது பக்கம் கேமராவுக்குத் தெரியாது. துணியைச் சுருட்டி, வயிற்றுப் பட்டையோடு சேர்த்து இறுக்கினேன். காற்று பலமாக இருந்ததால் இரண்டு முடிச்சாகப் போட்டேன். செவலை அடங்கியது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது, இத்தனை பெரிய ஆட்களுக்குத் தெரியாத விஷயம் எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று. ஏரிக்கரையில் குதிரை நடக்கும், கடிவாளம் என் கையில் இருக்கும். இது பாயப்போகிற குதிரை, யார் கையிலும் இருக்கப்போவதில்லை. அந்த வித்தியாசம் என் தலைக்கு எட்டவே இல்லை.

ஜீப் கேமராவோடு பக்கத்தில் ஓட, குதிரை பாய்ந்தது. பாதித் தூரம் நன்றாகத்தான் போனான். எதிரே வெயிலைத் திருப்பிவிட வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்றில் ஒரு பலகை திரும்பி, வெளிச்சம் நேரே குதிரையின் கண்ணில் அடித்தது. செவலை இடதுபக்கம் வெட்டித் திரும்பியது. தம்பியின் தோள் வலது பக்கம் சாய்ந்தது. விழுந்தான். ஆனால் தரைக்கு வரவில்லை. துணி பட்டையில் கட்டிக் கிடக்கிறதே. தலை கீழே, குதிரையின் கால்களுக்கு நடுவே தொங்கினான். வயிற்றுக்கடியில் எடை ஆடுவது தெரியத் தெரியக் குதிரை இன்னும் வெறித்து ஓடியது. நான் கத்திக்கொண்டே குறுக்கே ஓடினேன். என் குரல் கேட்டதும் அது நின்றுவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. யாரோ கத்தியால் துணியை அறுத்தார்கள்.

வெள்ளைச் சாயத்துக்கு மேலே இரத்தம் எந்த நிறத்தில் இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை.

பயிற்சியாளர் உடைக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். குதிரையில் ஏறுகிறவனுக்கு இவ்வளவு துணியை எந்த முட்டாள் தைப்பான் என்று அடிக்கப் போனார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் அழுதார். கயிற்றை யார் கட்டினார்கள் என்று அந்தக் கலவரத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கம்பெனி வண்டியிலேயே தம்பியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் விடுதியிலிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டார்கள், துவைத்த ஈரச் சேலையோடேயே ஏறினாள். வண்டியில் இடம் இல்லை, குதிரைகளைப் பார்க்கவும் ஆள் இல்லை, நீ இரு, காலையில் பஸ்ஸில் வா என்று சொல்லிவிட்டார்கள். இருந்தேன். அன்று இரவு எங்கள் குதிரைகளைப் பங்களாக் கொட்டகையில் கட்டிவிட்டு அங்கேயே படுத்தேன். பங்களா அம்மாவின் பழைய சவாரிப் பாவாடை ஒன்று கொட்டகை ஆணியில் தொங்கியது. அதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் மட்டும்தான் துணி, பின்பக்கம் திறந்து கிடக்கும், ஒரு ஏப்ரன் மாதிரி. கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். விழுந்தால் துணி எங்கேயும் மாட்டாமல் ஆள் கழன்று தரையில் விழவேண்டும் என்பதற்காக அப்படித் தைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

விடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். உதவி இயக்குநரும் பயிற்சியாளரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். பம்பாய் நடிகை நாளைக்குப் போகிறார், மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது, நேற்று எடுத்ததில் ஒரு அடிகூட உபயோகப்படாது என்றார் உதவி இயக்குநர். "தம்பியோட ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனி பாத்துக்கும். எவ்ளோ நாளானாலும். நீங்க ஒரு ஷாட் மட்டும் ஓட்டிக் குடுத்துட்டுப் போனீங்கன்னா, நம்ம வண்டியே மதுரைக்குக் கொண்டுபோய் விடும்."

பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பதில் சொல்வது என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

"கலர் மேட்ச் ஆகாதுன்னீங்களே" என்றேன்.

"அதெல்லாம் மேக்கப்ல பாத்துக்கலாம்" என்றார் உதவி இயக்குநர்.

தம்பியின் உயிருக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. கூடாரத்துக்குள் உட்காரவைத்துப் பஞ்சால் என் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளையை ஒற்றினார்கள். தம்பிக்கு ஒரு பூச்சுப் போதுமாக இருந்ததாம், எனக்கு மூன்று பூச்சு ஆயிற்று. பூசுகிறவன், கரி பூசிய அதே ஆள், அலுத்துக்கொண்டே பூசினான். அதே கவுன்தான், கிழிசலைத் தைத்திருந்தார்கள், ஒரு ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது வலது பக்கத் தையலை இடுப்பிலிருந்து அடிவரை நானே கத்தியால் பிரித்துவிட்டேன்.

செவலை என்னை முகர்ந்து பார்த்தது. சாய வாசனை பிடிக்காமல் தலையை உதறியது. பேசினேன், அடங்கிவிட்டது.

ஓட்டினேன். ஒரே தடவை. காற்று முகத்தில் அடிக்க, ஜீப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, விளிம்போரமாகச் செவலை பறந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தம்பி மதுரையில் கிடக்கிறான், அவன் இரத்தம் பட்ட துணி என் காலைச் சுற்றிக் கிடக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சியாளர் மட்டும் தட்டவில்லை. கிட்டே வந்து செவலையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "மொத நாளே உன்ன ஏத்தியிருக்கணும்" என்றார். அவரை அங்கேயே பிரம்பால் அடித்திருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

கூடாரத்துக்குப் போய் முகம் கழுவி முடித்த பிறகுதான் படக்காரர்கள் தங்கியிருந்த ஓட்டலிலிருந்து வந்த ஆள் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். மதுரையிலிருந்து போன் வந்திருந்தது. தம்பி போய்விட்டான். அந்தப் போன் எத்தனை மணிக்கு வந்தது, என்னைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்பா பின்பா என்று நான் பலரைக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னார்கள்.

அடக்கத்தின்போது பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதவள் நடுவில் நிறுத்தி, என் காதுக்குப் பின்னால் விரலால் தேய்த்துப் பார்த்து, "என்னடி இது, சுண்ணாம்பா?" என்றாள். குதிரைக் கொட்டகைக்கு வெள்ளையடித்தேன் என்றேன். தம்பி சாகக் கிடக்கும்போது கொட்டகைக்கு வெள்ளையடித்தவள் என்ற பெயர் எனக்கு உறவுக்குள் இன்றைக்கும் இருக்கிறது. அது பரவாயில்லை. உண்மையைவிட அது கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. கயிற்றையும் சொல்லவில்லை, மறுநாள் ஓட்டியதையும் சொல்லவில்லை. படப்பிடிப்புக் கூட்டம் போனதும் ஊர் அடுத்த சீசனைப் பார்க்கப் போய்விட்டது. புல்வெளியில் அன்று நின்றவர்களிலும் பாதிப்பேர் மதராசுக்காரர்கள். மீதிப்பேர், எழவு வீட்டில் போய் இதை எப்படிப் பேசுவது என்று விட்டுவிட்டார்கள். அம்மா விடுதிக்கு வேலைக்குப் போவாள், வருவாள். என்னோடு அதிகம் பேசவில்லை. துணி காயப்போடும்போது மட்டும் சிலசமயம், மறுபடி முளைக்காத அந்த மீசையைப் பற்றி ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மழிக்கச் சொன்னது அவள்தான் என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகிப் படம் பழனிக்கு வந்தது. பெரியம்மா ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். அம்மா அதுவரை சினிமாக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததில்லை, அது பாவம் என்று சபையில் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். நான் கூடப் போனேன். மலைப்பாதைப் பஸ்ஸில் ஆயக்குடிக் கொய்யாக்காரர்களின் காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "வாந்தி எடுக்காம வா" என்று மட்டும் எனக்குச் சொன்னாள்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். திரையில் கல் சுமக்கிறவர்கள் வந்தார்கள், கரி பூசிய முகங்களில் யார் யார் என்றே தெரியவில்லை. வட்டக்கானல் கஞ்சாக்காரர்கள் பட்டாளமாக வந்தபோது கூட்டம் பயந்தது. இடைவேளைக்குப் பிறகு அந்தப் புல்வெளி வந்தது. நீலக் கவுன் பறக்க, மஞ்சள் முடி பறக்க, செவலை திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாய்ந்தது. நான்தான். என் கால், என் முதுகு, என் கை. கொட்டகை முழுக்க விசிலடித்தது. நான் ஆசைப்பட்டது எல்லாம் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள், காதில் விழவில்லை. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பூசையில் நிற்பவளைப் போல இரண்டு கையையும் கூப்பினாள். அந்தக் காட்சி அதிகம் போனால் அரை நிமிஷம் இருக்கும். முடிந்து நடிகையின் முகம் வந்ததும் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா இறந்த பிறகு அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"விழுறதுக்கு முந்தி எடுத்தது" என்றாள். "பாத்தியா எம்புள்ளய. எவ்வளவு நிமுந்து உக்காந்திருக்கான். வெள்ளக்காரியே தோத்தா."

நான் தலையாட்டினேன்.

படம் பழனியில் ஓடிய அத்தனை நாளும் அவள் பாலசமுத்திரத்திலேயே தங்கிவிட்டாள். பெண் பிள்ளைகள் தனியாகச் சினிமாவுக்குப் போகக்கூடாது என்று என்னை அடித்தவள், தினமும் மாட்டினிக்குப் பெரியம்மா வீட்டிலிருந்து நடந்தே போனாள். டிக்கெட் கிழிக்கிறவருக்கு விஷயம் தெரிந்து, இடைவேளைக்குப் பிறகு சும்மா உள்ளே விட்டுவிடுவார். கடைசி நாள் கூட்டிவர நான் திரும்பப் போனேன். மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போயிருந்தேன், இரண்டையும், கயிற்றையும் சேர்த்து.

குதிரை வந்தது. அம்மா இந்த முறை எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அந்த அரை நிமிஷம் மனப்பாடம் ஆகியிருந்தது, குதிரை திரும்பும் இடம் வருவதற்கு முன்பே அவள் தலை திரும்பியது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்னைத் தோளால் இடித்தாள்.

"நீயுந்தான் இத்தன வருசமாக் குதிரையப் புடிச்சுக்கிட்டுத் திரியிற. ஒனக்கு இப்புடி வருமாடி?"

"வராதும்மா" என்றேன்.